பந்தய உடுப்பில் தைத்த மெடல்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு தையல் மெஷினும் இரண்டு ஸ்டூலும் போடும் அளவுக்கு எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பேன், ஓரம் அடிப்பேன், இறுக்கிப் பிடிக்கிற ரவிக்கையைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பேன். காத்திருக்கிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். என் மகன் ரேஸ் கார் ஓட்டுகிறவன் என்று கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். கேட்டவுடன் அவர்கள் முகம் மலரும். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஜெயிச்சானா?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. முதல் பந்தயத்தில் கியர் சிக்கிக்கொண்டது. இரண்டாவதில் மழை. பாதியில் நிறுத்தினபோது இவன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். நான் கைதட்டி, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். பிறகு சொன்னார்கள், நிறுத்தினால் அதற்கு முந்தின சுற்றில் யார் எங்கே இருந்தார்கள் என்றுதான் பார்ப்பார்களாம். அந்தச் சுற்றில் இவன் ஆறாவது. இன்னொரு தடவை பின்னால் வந்தவன் இடித்தான். இடித்தவன் போய்விட்டான், இடிபட்டவன் மண்ணில் நின்றான். இதையெல்லாம் ஒரு ஃபால்ஸ் வைத்து முடிப்பதற்குள் எப்படி விளக்குவது? "இன்னும் இல்லீங்க" என்பேன். "அதுக்கென்ன, சின்னப் பையன்தானே" என்பார்கள். அவனுக்கு இருபத்தொரு வயது. அந்த விளையாட்டில் அது சின்ன வயது இல்லை. அதையும் விளக்க முடியாது.

எங்கள் வீட்டில் கார் பந்தயம் ஓட்ட ஆள் எங்கிருந்து வந்தான் என்பது எனக்கே புரியாத விஷயம். அவனுடைய அப்பா கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேகமுள் நாற்பதைத் தாண்டி அவர் பார்த்ததில்லை. "நான் ப்ரேக்கு போடத்தான் அவனுக்குக் கத்துக் குடுத்தேன். மிச்சத்த எங்க கத்துக்கினான்னு எனக்குத் தெரியாது" என்பார். நானோ பயந்தே வாழ்ந்தவள். ஒன்பதாவது வகுப்பில் ஒரு நாள் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து, தாளை வாங்கி, பெயரை எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை, நானே நின்றேன். எங்களுக்குப் போய் இப்படி ஒருவன்.

பன்னிரண்டாவது முடித்ததும் கடற்கரை ரோட்டில் கோ-கார்ட் ஓட்டுகிற இடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். வருகிறவர்களுக்கு ஹெல்மெட் மாட்டிவிடுவது, மோதி நின்ற வண்டியைத் தள்ளிவிடுவது, இதுதான் வேலை. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறான். அங்கே வேறு யாரும் முடிக்காத அளவு சீக்கிரம் ஒரு சுற்றை முடித்தானாம். அந்த இடத்து முதலாளி அவனை ஒரு பந்தயக் குழுவிடம் அனுப்பினார். அவர்கள் ஓட்டச் சொல்லிப் பார்த்து, காரும் கொடுத்து, எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆள் உட்காருகிற, சக்கரமெல்லாம் வெளியே தெரிகிற கார். வீட்டில் அவன் இதைச் சொன்ன அன்று நான் சந்தோஷப்பட்டேனா என்று நினைவில்லை. காருக்குக் கதவு உண்டா என்று கேட்டது நினைவிருக்கிறது. இல்லை என்றான்.

அடுத்த வாரம் பந்தய உடுப்பைக் கொண்டுவந்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக, மூன்று அடுக்குத் துணியில் தைத்தது. கூடவே குழுவின் பேட்ஜ் நான்கும், ஒரு நூல்கண்டும்.

"இந்த நூல்லதான் தைக்கணும். இது நெருப்புல உருகாது. மேல்துணியில மட்டும் தையி, உள்ள ஊசி போவக்கூடாது. ஜாக்கிரதையா பண்ணும்மா."

"எனக்கே சொல்றியா?"

"உனக்குத்தான் சொல்றேன்."

மேல்துணியை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நான்கு பேட்ஜையும் கையாலேயே தைத்தேன். ஒரு தையல்கூட உள்ளே இறங்கவில்லை. அவனே விரல்விட்டுத் தடவிப் பார்த்து மெச்சினான். அதோடு விட்டிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

"நெருப்பு புடிச்சா இது எவ்ளோ நேரம் தாங்கும்?"

"பத்து, பன்னெண்டு செகண்டு."

"செகண்டா?"

"அதுக்குள்ள வெளிய வந்துருவோம்மா."

"நீ காலைல கட்டில்ல இருந்து எழுந்திரிக்கவே அரை மணி ஆவுது."

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். போனில் எரிகிற கார்களைத் தேடிப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று தெரிந்தும், மெஷினில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக இரண்டு நாள் பார்த்தேன். ஒரு கஸ்டமரின் பட்டுப்புடவையில் ஓரம் கோணிவிட்டது.

எங்கள் அம்மா வீடு பட்டினப்பாக்கத்தில். அந்தத் தெருவில் கடலுக்குப் போகிற ஆண்களின் சட்டைத் தையலுக்குள் பெண்கள் ஒரு மாதா மெடலை வைத்துத் தைத்துவிடுவார்கள். கோயிலில் ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கின, சின்ன விரல் நகம் அளவு மெடல். போட்டுக்கொள்கிறவனிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அவனுக்குத் துணிச்சல் வந்துவிடும், துணிச்சல் வந்தால் தூரம் போய்விடுவான் என்பது கணக்கு. நான் முதன்முதலில் ஊசி பிடித்ததே இந்த வேலைக்குத்தான். என் தம்பிகளின் சட்டைகளில் தைத்திருக்கிறேன், பிறகு வேன் ஓட்டுகிறவரின் காக்கிச் சட்டையிலும் தைத்திருக்கிறேன். அவருக்கு இன்றும் தெரியாது. ஆகவே ஒரு மத்தியானம், நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்து வேறு யாரும் இல்லாதபோது, உடுப்பை உள்பக்கமாகத் திருப்பி, இடது மார்புப் பக்கம் உள்துணியின் தையலை இரண்டு விரல்கடை பிரித்தேன். மெடலை உள்துணிக்கும் நடு அடுக்குக்கும் இடையில் வைத்து, அசையாமல் முடிபோட்டு, பிரித்ததைத் திரும்ப மூடினேன். அந்த நூல்கண்டில் மிச்சம் இருந்தது. அந்த நூலையே போட்டேன். அதனால் எல்லாம் முறைப்படிதான் செய்திருக்கிறோம் என்று ஒரு திருப்தி வேறு.

பிரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லேபிள் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. 'நாட்' என்ற ஒரு சொல் எனக்குத் தெரியும். எதைச் செய்யக்கூடாது என்கிறார்கள் என்று தெரியாது. புடவையிலும் இப்படித்தான் லேபிள் வரும், இஸ்திரி போடாதே, முறுக்கிப் பிழியாதே என்று. முப்பது வருடமாக நான் பார்த்த லேபிள் எல்லாம் துவைக்கிற விஷயம்தான். இதுவும் துவைக்கிற விஷயம் என்று எடுத்துக்கொண்டேன். மகனிடம் கேட்டிருந்தால் ஏன் கேட்கிறாய் என்பான்.

ஒன்றரை வருடம் அந்த மெடலோடு ஓட்டினான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. நடுவில் ஒரு தடவை கார் சுழன்று போய் ஓரத்தில் அடுக்கியிருந்த டயர் சுவரில் மோதியது. முன்பக்கம் நொறுங்கிவிட்டது. இவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே நடந்து வந்தான். நான் யாருக்கும் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். பார்த்தாயா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் குழுவின் மேனேஜர் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். அடுத்த வருடம் பெரிய வகுப்புக் காரில் குழுவே செலவெல்லாம் பார்த்துக்கொள்கிற ஒரே ஒரு இடம். இருப்பது இரண்டு பையன்கள்: என் மகன், அடையாறிலிருந்து வருகிற இன்னொரு பையன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறானோ அவனுக்கு இடம். இவன் அந்தப் பையனைவிட வேகம். பயிற்சியில் ஒவ்வொரு தடவையும் இவன்தான் முன்னால். இந்த ஒரு தடவை கியரும் மழையும் சேர்ந்து வந்து கெடுக்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

சனிக்கிழமை காலை ஊருக்கு வெளியே இருக்கிற பந்தயத் தடத்துக்கு அவனோடு நானும் போனேன். காரைச் சோதிப்பதற்கு முன்னால் ஆளைச் சோதிப்பார்கள். ஹெல்மெட், கையுறை, ஷூ, உடுப்பு எல்லாவற்றையும் ஒரு மேசையில் வைத்துக் காட்ட வேண்டும். வழக்கமாக லேபிளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு இருந்தவர் புதியவர், நரைத்த மீசை, நிதானமான ஆள். நான் அந்தச் சோதனைக் கொட்டகைக்கு வெளியே கம்பி வலை ஓரம் நின்றேன். அவர் உடுப்பை விரித்து, புடவை வாங்க வந்த பெண் துணியைத் தடவுவதுபோல மெதுவாகத் தடவினார். கை மார்புப் பக்கம் போனது. நின்றது.

"தம்பி, உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"வட்டமா இருக்கே."

"தெரியாது சார்."

"உங்க டிரெஸ்ஸுக்குள்ள இருக்கிறது உங்களுக்கே தெரியாதா?"

மகன் தானும் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி வலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவனிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ம்மா. இங்க வா."

போனேன். மெடல் என்று சொன்னேன். மாதா மெடல், மந்திரித்தது, நெருப்பில் உருகாத நூலில்தான் தைத்திருக்கிறேன் என்று முழுவதும் சொன்னேன். நரைத்த மீசைக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

"இந்த லேபிள்ல இன்னா போட்டிருக்கு தெரியுமாம்மா? பிரிச்சு எந்த வேலையும் பண்ணக்கூடாதுன்னு போட்டிருக்கு. பண்ணா இந்த உடுப்பு செல்லாது. அது ஒண்ணு. இன்னொண்ணு, நெருப்புல மொதல்ல பழுக்கிறது இந்தத் தகடுதான். துணி தாங்கும், இது சுட்டுடும். நெஞ்சுல போய் வெச்சிருக்கீங்க."

"நான் எடுத்துடறேன் சார். கத்திரி எங்கிட்டயே கீது. அஞ்சு நிமிஷம்."

உண்மையிலேயே கைப்பையைத் திறந்து கத்திரியை எடுத்துவிட்டேன். மகன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ம்மா. போதும்."

அவர் ஒரு தடித்த மார்க்கர் பேனாவால் லேபிளின் மேல் குறுக்காகக் கோடு போட்டு, உடுப்பை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

தகுதிச் சுற்றுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தச் சுற்றில் ஓட்டும் வேகத்தை வைத்துத்தான் மறுநாள் பந்தயத்தில் யார் எங்கே நிற்பது என்று முடிவாகும். குழுவிடம் வேறு உடுப்பு இல்லை. மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி அங்கும் இங்கும் நடந்தார். அடையாறுப் பையன்தான் முதலில் வந்தான். அவனுக்கு இது எவ்வளவு லாபம் என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் வந்தான்.

"மச்சி, எங்கிட்ட எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்கு. போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தான். என் மகன் அவனைவிட நாலு விரல் உயரம். கணுக்கால் தெரிந்தது, மணிக்கட்டு தெரிந்தது. தோல் தெரிந்தால் அனுமதி கிடையாது. எல்லாரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தபோது என் வாய் தானாகத் திறந்தது.

"ஓரத்தைப் பிரிச்சு ரெண்டு இஞ்சு எறக்கிடலாமே. உள்ள மடிப்பு நெறைய கீது."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கண்ணை மூடித் திறந்து, "ஆன்ட்டி, நீங்க அந்த மரத்தடில கொஞ்சம் உக்காருங்களேன்" என்றார். போய் உட்கார்ந்தேன். முப்பது வருடமாகக் கை செய்கிற வேலை. வாய்க்கு எப்படித் தெரியும், இங்கே பேசக்கூடாது என்று?

கடைசியில் வேறொரு குழுவைச் சேர்ந்த உயரமான, கனத்த உடம்புக்கார ஓட்டுநர் ஒருவர் தன்னுடைய பழைய உடுப்பைக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து, சோதனை மேசையில் காட்டி, மகன் அதற்குள் நுழைந்து ஜிப்பை இழுக்கும்போது, தடத்தில் மற்ற கார்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது. தகுதிச் சுற்று முடிந்துவிட்டது. அந்தச் சத்தம் அடங்குவதை மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு காரும் கெட்டுப்போகவில்லை அன்றைக்கு. ஒரு சொட்டு மழை இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் பின்னால் கடைசியாக நின்று கிளம்பினான். தொளதொளவென்று இருந்த உடுப்பு தோளில் காற்றில் படபடத்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரையோ இருவரையோ தாண்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று, "யார்ரா அவன் பின்னாலேர்ந்து வர்றது!" என்று கத்தினார்கள். என் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஆறாவதாக வந்தான். அடையாறுப் பையன் நான்காவது. இன்னும் மூன்று சுற்று இருந்திருந்தால் தாண்டியிருப்பான் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று சுற்றை யார் தருவார்கள்?

மேனேஜர் என்னிடம் வந்தார். "ஆன்ட்டி, இன்னிக்கு இங்க ஓட்டுனதுல உங்க பையன்தான் பெஸ்ட்டு. கண்ண மூடிக்கினு சொல்லுவேன்."

"அப்போ அந்த எடத்த அவனுக்கே குடுத்துடுங்களேன்."

"யாரு முன்னால வர்றாங்களோன்னு சொல்லிட்டேனே ஆன்ட்டி. இப்ப மாத்துனா அந்தப் பையன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். மீசைக்காரர் செய்தது நியாயம். அடையாறுப் பையன் தங்கமான பையன். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாமல் நான் தவித்தேன்.

திரும்பி வருகிற வழியில் குழு வேனில் பின் சீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பூந்தமல்லி தாண்டினதும் அவன் கேட்டான்.

"எப்ப தச்சே?"

"பேட்ஜ் தச்ச வாரமே."

"ஒன்றர வருஷமா அத்தோடவா ஓட்டிக்கினு இருந்தேன்?"

"ஆமா."

"சொல்லியிருந்தா நானே எடுத்துப் போட்டிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எனக்கு என்னவோ என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது.

"அன்னிக்கு டயர்ல போய் மோதுனியே, ஒரு கீறல்கூட இல்லாம வந்தியே. அது இன்னான்னு நெனச்சே?"

"டயரும்மா," என்றான் ஜன்னலைப் பார்த்தபடி. "டயரு காப்பாத்துச்சு. அதுக்குத்தான் டயரை அடுக்கி வெக்கிறாங்க."

வீட்டில் அவனுடைய அப்பா எல்லாவற்றையும் கேட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி, தையல் தையலாக அமுக்கிப் பார்த்தார். காலர் பக்கம் அகப்பட்டது. "அடிப்பாவி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேன் எடுத்தார்.

மகன் திரும்ப கோ-கார்ட் இடத்துக்குப் போனான். பிறந்தநாள் கொண்டாட வருகிற பிள்ளைகளுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டான். என்னிடம் முகத்தைத் தூக்கிக்கொள்ளவில்லை, பேசாமலும் இல்லை. சாப்பாடு எப்படி என்றால் நன்றாக இருக்கிறது என்பான். அது எனக்குச் சண்டையைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. நான் குழம்பில் உப்பே போடாத ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்றான்.

நான்கு மாதம் இப்படிப் போனது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேறொரு சின்னக் குழு அவனைக் கூப்பிட்டது. ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், பிடித்தால் எடுத்துக்கொள்வார்களாம். உடுப்பு அவர்களே அனுப்பினார்கள். அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பேட்ஜ் ஏற்கெனவே தைத்திருந்தது.

"யாரு தச்சது?"

"சைதாப்பேட்டை மார்க்கெட்டாண்ட ஒரு டெய்லரு."

பேட்ஜ் கோணல். வலது மூலை ஒரு நூல் அளவு மேலே ஏறியிருந்தது. ஒரு இடத்தில் தையல் நெருக்கம், ஒரு இடத்தில் அகலம். கற்றுக்கொள்ள வந்த பெண் இப்படித் தைத்தால் நான் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்வேன்.

"நூலு?"

"நாந்தான் குடுத்தேன்."

"உள்துணிக்கு எறங்காம தச்சாரா?"

"முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

நான் தைத்தபோது அவன் ஒரு நாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். "நல்லாத்தான் கீது" என்றேன். அவன் உடுப்பை மடித்துப் பையில் வைத்து, ஜிப்பை மூடினான். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது அந்தப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு போனான். கோ-கார்ட் இடத்தில் அவனுக்குப் பந்தய உடுப்பு எதற்கு? மத்தியானம் நான் சாப்பிட வந்து வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் அது வீட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு வாரமாக அது அவனோடு போய், அவனோடு வருகிறது.

எனக்கு அவமானமாக இருக்கிறது. அதைவிட எரிச்சல், அவன் நினைத்தது சரியாக இருப்பதில். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் ஒரு உத்தரியம் வாங்கினேன், கழுத்தில் போடுவார்களே, தபால்தலை அளவு இரண்டு துண்டுத் துணி. துணிதான், தகடு இல்லை, பழுக்காது என்று வாங்கும்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது இப்போது என் மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் கிடக்கிறது. வியாழக்கிழமை அவன் ஓட்டப்போகிறான். தைத்திருக்கமாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. அந்தப் பை ஒரு மத்தியானம் வீட்டில் தங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது அவனுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.